சுண்ணாம்பு மன்னிக்கும், சிமெண்ட் மன்னிக்காது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில் அம்மி பறந்து யாரும் பார்த்ததில்லை. மாடியில் போட்ட தகரம் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் விழுந்த கதை வேண்டுமானால், எந்த டீக்கடையில் நின்றாலும் கேட்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று புகுந்து வரும் கணவாய்களாக பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று நான்கைச் சொல்வார்கள். தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்கு இந்த நான்காவது வாசல்தான் காரணம். ஜூனில் தொடங்கும் காற்று செப்டம்பர் வரை ஓயாது. அதே ஜூனில், முல்லைப் பெரியாறு அணையில் நீர் இருந்தால், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிடப்படும். ஐப்பசியில் மழை. பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பு. சித்திரையில் மாடித் தளம் காலைச் சுடும். வீடு என்று ஒன்று இருந்துவிட்டால் இங்கே பன்னிரண்டு மாதமும் அதற்கு ஏதாவது ஒரு வேலை பாக்கி இருக்கும்.

அந்த வேலையை யார் செய்வது? புது வீடு கட்ட ஆள் கிடைக்கும். ஒரு சன்னல் ஓரத்து விரிசலை அடைக்க, கழன்ற இரண்டு தட்டோட்டைப் பதிக்க, பின்வாசல் படியைச் செப்பனிடக் கூப்பிட்டால் கொத்தனார் வரமாட்டார். அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. அரை நாள் வேலைக்காக முழு நாள் கூலியை யார் இழப்பார்? சித்தாள் கிடைப்பதும் எளிதில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடிவதற்குள் ஜீப்புகள் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. கடைசியில் வீட்டுக்காரரே கரணையைக் கையில் எடுக்கிறார்.

அமெரிக்காவிலும் இது இப்படித்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு புது வீடுகள் பெருகின, ஆள் கூலி ஏறியது. 1946இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கென்றே கையடக்கத் துளையிடும் கருவியை விற்கத் தொடங்கியது. 1954 ஆகஸ்ட் 2ஆம் தேதி ‘டைம்’ வார இதழ் ‘நீங்களே செய்யுங்கள்’ மோகத்தை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டத்தால் ஆனவை. தப்பாக அடித்த ஆணியைப் பிடுங்கி வேறு இடத்தில் அடிக்கலாம். நம்முடைய வீடுகள் செங்கல்லும் கான்கிரீட்டும். இங்கே செய்த தப்பைப் பிடுங்க முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்குகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஆகவே சொந்தக் கையால் வேலை செய்ய நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எனக்கு இது வருமா’ என்பதல்ல. தப்பு செய்தால் இந்தப் பொருள் பொறுத்துக்கொள்ளுமா என்பதுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் வீட்டு வேலையில் சுண்ணாம்பை மிஞ்ச எதுவும் இல்லை.

அணையில் இருக்கும் பொருள்

இந்தப் பள்ளத்தாக்குக்குச் சுண்ணாம்பின் அருமையை வெளியூர்க்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை. வாசலில் ஓடும் தண்ணீரே அதற்குச் சாட்சி. ஜான் பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் எழுந்தது. 1979க்குப் பிறகு கான்கிரீட்டும் இரும்புக் கம்பிகளும் சேர்த்து அணை பலப்படுத்தப்பட்டது உண்மை. ஆனாலும் உள்ளே இருக்கும் உடம்பு அந்தப் பழைய காரைதான்.

சுர்க்கி என்பது செங்கல் தூள். வெறும் சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்று வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் அது மறுபடி கல்லாகிறது. சுட்ட செங்கல்லைப் பொடித்துச் சேர்த்தால் அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, தண்ணீருக்குள்ளேயே இறுகும் காரையாகிவிடும். பழைய மாடித் தளங்களில் இதே முறைதான். செங்கல் ஜல்லியோடு சுண்ணாம்பைக் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். அதன் மேல் தட்டோடு. உத்தமபாளையத்தின் பழைய தெருக்களில் அப்படிப்பட்ட மச்சு வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன.

தைப் பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது அந்தக் காலத்தில் குடும்ப வேலை. அதற்குக் காண்டிராக்டர் கிடையாது. கல் சுண்ணாம்பை வாங்கி வந்து முதல் நாளே ஊறவைப்பார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கச் சுற்றி நிற்பார்கள், பெரியவர்கள் விரட்டுவார்கள். கொஞ்சம் நீலம், கொஞ்சம் உப்பு, ஒட்டுவதற்குக் கஞ்சி. தாழை விழுதின் நுனியை நசுக்கி எடுத்தால் மட்டை தயார். வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஆண்டுக்கு ஒரு முறை ஒருவர் கண்ணில் பட்டுவிடும் என்பதுதான் இந்த வழக்கத்தின் பெரிய லாபம். எங்கே விரிசல், எங்கே ஓதம், எங்கே கரையான் என்பதெல்லாம் மட்டை பிடித்தவருக்கு அன்றே தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் பெயிண்ட் வந்தது. ஐந்து வருஷம், ஏழு வருஷம் உத்தரவாதம் என்றார்கள். சுவர் பளபளத்தது. ஆனால் ஏழு வருஷம் யாரும் சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

வாளியும் மட்டையும்

இன்றைக்கும் வெள்ளையடிப்பு எவரும் செய்யக்கூடிய வேலைதான். பின்கட்டு, காம்பவுண்டுச் சுவர், மாட்டுக் கொட்டம், மாடிப்படி அறை என்று பழகிக்கொள்ள இடம் நிறைய இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை சில. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டதும் கொதித்துப் பொங்கும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். இரும்பு டிரம்மோ சிமெண்ட் தொட்டியோ வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றி வைத்துக்கொண்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. ஆதலால் கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகக் கூடாது. தெறித்துவிட்டால் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஒரு நாள் முழுக்க ஊறியதைத் துணியில் வடிகட்டிப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். கெட்டியாக ஒரே பூச்சில் முடித்துவிட நினைப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. அப்படி அடித்தால் காய்ந்ததும் செதில் செதிலாக உரியும். சுவரை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டு, நீர்க்கவே ஒரு பூச்சு, மறுநாள் இன்னொன்று, அதற்கு மறுநாள் மூன்றாவது. அடிக்கும்போது நிறமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். உச்சி வெயிலில் அடித்தால் இறுகுவதற்குள் ஈரம் போய்விடும், தொட்டால் கையில் மாவாக ஒட்டும். காலையும் மாலையும் நல்ல நேரம்.

ஒரு எச்சரிக்கை: எமல்ஷன் பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். அதைக் காய்ந்தபடியே உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயிண்டின் தூசியில் ஈயம் இருக்கலாம், அது சிறு பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். ஆகவே நனைத்துச் சுரண்டி, விழுந்ததையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நல்லது.

இவ்வளவும் செய்து கோணலாக வந்தால்? அடுத்த பொங்கலுக்கு மேலே இன்னொரு பூச்சு அடித்தால் போயிற்று. அவ்வளவுதான் நஷ்டம்.

சிமெண்டின் குணம் வேறு. கலந்த அரை மணியிலிருந்து எந்த நேரமும் அது இறுகத் தொடங்கலாம். இறுகியதைத் தண்ணீர் விட்டு இளக்கி மறுபடி பூசினால் பிடிப்பு இருக்காது. மூன்று மாதத்துக்கு மேல் மூலையில் கிடந்த மூட்டைக்கும் பாதி உயிர்தான். பூசிய பின் ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்த வேலையும் பெரும்பாலும் கெடுவது இந்தத் தண்ணீரில்தான். கொத்தனார் போன பிறகு இது வீட்டுக்காரரின் வேலை. இதற்கு எந்தத் திறமையும் வேண்டாம், மறக்காமல் இருந்தால் போதும்.

பூச்சு வேலைக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்பது பொதுக் கணக்கு. சிமெண்ட் கூடினால் பலம் கூடும் என்று நினைத்து இரண்டு கரண்டி அதிகம் போடுகிறவர்கள் உண்டு. கூடுவது விரிசல்தான். ஆற்று மணலுக்குப் பதில் இப்போது பூச்சுக்கென்று சலித்த பி-சாண்ட் வருகிறது; எம்-சாண்டை வாங்கி வந்து பூசினால் சொரசொரப்பு போகாது.

மாடியில் ஏறிப் பார்த்தவர்கள் குறைவு

மாடித் தளத்தில் சிமெண்டைத் தொடாமலே நிறையச் செய்யலாம். ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதல் வேலை, தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் அடைத்திருக்கும் வேப்பஞ்சருகை எடுப்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கீழே கூரையில் படரும் ஈரக்கறைக்குப் பாதி வீடுகளில் அந்தச் சருகுதான் காரணம்.

அடுத்தது வாட்டம். தளம் குழாயை நோக்கி நூற்றுக்கு ஒன்றாவது சரிந்திருக்க வேண்டும், அதாவது பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். இதை அளக்க லேசர் கருவி தேவையில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று போதும். இரு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும்; அங்கிருந்து தளம் வரை அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அதைவிடச் சுலபமான வழி, மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மேலே ஏறிப் பார்ப்பது. எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறதோ அதைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்துக்கொண்டால், வருகிற கொத்தனாருக்கு வேலை பாதி குறையும்.

2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்று அவசர அவசரமாகப் பொருத்திய பிளாஸ்டிக் குழாய்கள் பல வீடுகளில் இப்போது எங்கேயும் சேராமல் தொங்குகின்றன. அதை மீட்பது ஒருநாள் வேலை. 600 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 550 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. ஆவியாவதும் சிதறுவதும் போக நானூற்றுச் சொச்சம் லிட்டராவது குழாய்க்கு வரும். ஒரு பழைய டிரம்மின் அடியில் கூழாங்கல், அதன் மேல் கரி, அதன் மேல் மணல். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை இதன் வழியாகக் கிணற்றுக்கோ உறைக்குழிக்கோ அனுப்பலாம். வருஷா வருஷம் மணலை அலச வேண்டும். இருபது வருஷத்துக்கு முன் நடந்த தவறு அதைச் செய்யாததுதான்.

தகரத்துக்கு வருவோம். காற்று தகரத்தை மேலிருந்து அமுக்குவதைவிட, அடியில் புகுந்து தூக்குவதே அதிகம். திருகாணியை நெளிவின் பள்ளத்தில் அடித்தால் மழைத்தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே இறங்கும். மேட்டில் அடித்து, ரப்பர் வாஷரைப் போட்டு, ஓரங்களில் நெருக்கமாகப் பிடிக்க வேண்டும். கீழே இரும்புக் குழாய் இருந்தால் ஜே-போல்ட் கொக்கி நல்லது. ஆனிக்கு முன் ஒவ்வொன்றையும் கையால் திருகிப் பார்த்து முறுக்கினால் போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டில் மட்டும் இயந்திரத்தால் அறுப்பதோ துளையிடுவதோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம்.

மலைக்கு அந்தப் பக்கத்து மனிதர்

குமுளியைத் தாண்டிப் பீர்மேடு மலைகளுக்குள் போனால் வாகமண். இங்கிலாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1960களில் மருத்துவரான மனைவி எலிசபெத்தோடு அங்கே வாழ்ந்தார். பிறகு திருவனந்தபுரத்துக்குக் குடிபெயர்ந்து, 2007இல் மறையும் வரை கேரளத்தின் சாதாரண மனிதர்களுக்காக வீடு கட்டினார். அவர் கையாலேயே எழுதிப் படம் வரைந்த சிறு புத்தகங்கள், பட்டறிவுள்ள எந்த வீட்டுக்காரருக்கும் புரியும்படி இருக்கும்: செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு, பூசாமல் விட்ட சுவர், சன்னலுக்குப் பதில் செங்கல் ஜாலி. எலிப்பொறிக் கட்டில் கால்வாசிச் செங்கல் மிச்சம்; உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கிறது.

தேவையில்லாததைச் செய்யாமல் விடுவதுதான் முதல் சிக்கனம் என்பது பேக்கரின் கட்டடங்களில் கண்ணுக்குத் தெரியும் பாடம். கம்பம் பள்ளத்தாக்கின் புது வீடுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முகப்பில் ஒட்டிய டைல்ஸ் வீட்டுக்குள் வெயிலைக் குறைப்பதில்லை. மாடித் தளத்தில் அடித்த இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு குறைக்கும், அதற்கான செலவும் சொற்பம்.

ஓதத்துக்கும் இதே கதைதான். சுவரின் அடிப்பகுதி பொரிந்து உப்புப் பூத்தால் உடனே வாட்டர்புரூப் பெயிண்ட் வாங்க ஓடுகிறார்கள். ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் ஓரடி மேலே ஏறுகிறது. வெளியே போய்ப் பார்த்தால், வருஷா வருஷம் கொட்டிய மண் சுவரோரம் அஸ்திவார மட்டத்துக்கு மேலே ஏறி நிற்கும். அதை மண்வெட்டியால் வெட்டி இறக்கி, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுப்பதுதான் வைத்தியம். பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட வேண்டும்.

கையை எடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. மின்பெட்டிக்குள் இருக்கும் எதுவும் வீட்டுக்காரரின் வேலையல்ல. உரிமம் உள்ளவரைக் கூப்பிட்டு மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. ஒன்று பொருத்தச் சொல்லலாம். அது வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்ப்பது மட்டும் அவர் பங்கு. பீம், தூண், தாங்குசுவர் பக்கம் போகவே கூடாது. செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதுகூட வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு மூச்சு வாங்க நேரம் கொடுக்காது. உரிய பாதுகாப்பு இல்லாமல் அதற்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. லாரியைக் கூப்பிடுவது ஒன்றே வழி.

கொல்லையில் ஒரு பந்தல்

வீட்டுக்கு வெளியே வந்தால் ஆபத்து குறைவு, சந்தோஷம் அதிகம். வீட்டுத் தோட்டத்தை அரசாங்கமே ஊக்குவித்திருக்கிறது. தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டத்துக்கு வைத்த பெயரே ‘நீங்களே செய்து பாருங்கள்’. 2021 டிசம்பரில் வந்த ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளை 225 ரூபாய்க்குக் கிடைத்தது: ஆறு பைகள், ஆறு தென்னைநார்க் கட்டிகள், ஆறு வகை விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து, கையேடு. கிராமப்புற வீடுகளுக்குப் பன்னிரண்டு வகைக் காய்கறி விதைகள் அடங்கிய பொட்டலம் அப்போது 15 ரூபாயாக இருந்தது.

மாடியில் பைகளை நடுத்தளத்தில் குவிக்காமல் சுவர்களுக்கு மேலே வருமாறு ஓரமாக வைப்பது நல்லது; நனைந்த பையின் கனம் கொஞ்சமல்ல. செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியில் தளம் காயும். ஜூனில் காற்று வருமுன் நிழல்வலையைக் கழற்றி மடித்து வைத்துவிட வேண்டும். இந்த ஊரில் அதைக் கட்டிவைத்து ஜெயித்தவர் இல்லை.

தரையில் இடம் இருப்பவருக்கு இந்த ஊரில் ஒரு தனி வசதி. பந்தல் போடத் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டாம். ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, அனுமந்தன்பட்டி, சுருளிப்பட்டி என்று சுற்றிலும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்கள்தாம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்து செய்து சுமார் 120 நாளில் பறிக்கலாம் என்பதால் வருஷத்தில் எப்போது போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்.

கொல்லையில் நாலு தூணும் ஆறேழு அடி உயரமும் நாள் முழுக்க வெயிலும் இருந்தால் ஒரு கொடி போதும். கவாத்தில் வெட்டிப் போட்ட குச்சியில், பென்சில் கனத்தில் முற்றியதாக, நான்கு கணு உள்ளதாகப் பார்த்து எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு ஊன்றலாம். வேர்விட்ட பிறகு ஆனி, ஆடியில் குழிக்கு மாற்ற வேண்டும். பந்தல் தொடும்வரை ஒற்றைத் தண்டாகவே விட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளிக்கொண்டே வர வேண்டும். மேலே சேர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் இரண்டு பக்கமும் பிரியும். கவாத்து செய்யப் பயப்படுகிறவர்கள் வீட்டில் இலை மட்டும் காய்க்கும்.

மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய் வரும். அதற்கு மருந்து பிரான்சின் போர்டோவிலிருந்து வந்தது. அங்கே சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துப் பச்சை நீலமாகத் தெளித்து வைப்பார்கள். மற்ற கொடிகள் நோயில் கருக, தெளித்த கொடிகள் மட்டும் பிழைத்திருப்பதை 1882இல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். 1885இல் அதை மருந்தாக அறிவித்தார். தெருவோரம் கொடி வைத்து, பள்ளி விடும் நேரத்தில் காவல் காக்கும் உத்தமபாளையத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் கவலை நன்றாகவே புரியும்.

பத்து லிட்டருக்கு நூறு கிராம் மயில்துத்தம், நூறு கிராம் சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ ஐந்தைந்து லிட்டரில் கரைத்து ஆறவைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்த பின் ஒரு துருப்பிடிக்காத, பளிச்சென்ற இரும்புக் கத்தியை உள்ளே சிறிது நேரம் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். செம்பு நிறம் ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. ஏறாவிட்டால் அன்றைக்கே தெளித்துவிடலாம். மறுநாளைக்கு வைத்தால் பயனில்லை. பழம் நிறம் மாறத் தொடங்கிவிட்டால் தெளிக்கவும் கூடாது.